விடுபட்ட பெயருக்கு நாளுக்கு நானூறு

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மதிலுக்கு மேலால் கிடைத்தது.

எங்கள் வளவுக்கும் சிவகௌரி வீட்டு வளவுக்கும் நடுவில் ஆறடி மதில். முன்பு கிடுகு வேலி இருந்தது. வேலியென்றால் எங்கேயாவது ஒரு பொட்டு, சின்ன ஓட்டை, இருக்கும், கண்ணை வைத்தால் போதும். மதிலுக்குக் காது வேண்டும். எனக்குக் காது நல்ல கூர்மை. கோப்பாயில் எங்கள் ஒழுங்கை என்கிற சின்னத் தெருவில் எந்த வீட்டுக் குக்கர் எத்தனை தரம் விசிலடித்தது என்பதுவரை சொல்வேன். முப்பத்தொரு வருடம் ஓர் உப தபாற்கந்தோரில் இருந்தவள் நான். ஊரே என்னைத் தபால் அன்ரி என்றுதான் கூப்பிடும். ஊர்ப் புதினம், அதாவது செய்தி, என் கையால் போய்வந்த பழக்கம், பென்ஷன் எடுத்தபிறகும் விடுகிறதில்லை.

ஆனால் இந்தப் புதினத்தைக் கேட்டு நானே திகைத்துப்போனேன். ஏன் என்பதை உடனே சொல்லமாட்டேன். ஐந்தாம் பிரிவுவரை பொறுங்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

‘செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பதுக்குச் சிவகௌரியின் போன் மேசையில் ஒரு வண்டுபோல —’

வேண்டாம். வண்டு எல்லாரும் எழுதுகிற வண்டு.

இரண்டாம் முயற்சி:

‘சீவரத்தினம் இறந்து முப்பத்தொரு நாள் முடிந்த மறுநாள் —’

இது பரவாயில்லை. கதை உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. கோப்பாய்ச் சந்திப் பாமசியில் மருந்து கொடுக்கிற வேலை செய்கிற சிவகௌரிக்கு வயது முப்பத்துமூன்று. அவளுடைய தகப்பன் சீவரத்தினம் நெஞ்சுவலியில் போய்ச்சேர்ந்தார். முப்பத்தொராம் நாள் திங்கட்கிழமை வீட்டுக்கிருத்தியம். வந்த சனத்துக்குச் சாப்பாட்டோடு கல்வெட்டும் கொடுத்தார்கள்.*

* வெளியூர் வாசகருக்கு: கல்வெட்டு என்பது எங்கள் பக்கத்தில் கல் அல்ல, புத்தகம். முன் அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, கடைசிப் பக்கத்தில் ‘தொடர்புகளுக்கு’ என்று வீட்டுக்காரரின் போன் நம்பரும் ஈமெயிலும். இந்த ஊரில் அதை எழுதுகிறவள் நான்தான். இதுவரை நாற்பத்தேழு பேருக்கு எழுதியிருக்கிறேன். எழுதப்பட்டவர்களில் ஒருவரும் குறை சொன்னதில்லை.

மறுநாள் காலை சிவகௌரி போனை எடுத்துப் பார்த்தபோது நூற்றுப்பன்னிரண்டு மெசேஜ் கிடந்தது. ‘வணக்கம் பத்மாவதி, உங்கள் இரகசிய இலக்கம் 4471.’ ‘பத்மாவதி, எங்கள் உடற்பயிற்சி நிலையத்துக்கு நல்வரவு.’ அது ஒஸ்ரேலியாவில் இருக்கிறதாம். ‘அன்பின் பத்மாவதி, உங்கள் நாய்க்குட்டிக்கு என்ன வயது?’ ஜேர்மன் படிக்கும் வகுப்பு, துருக்கியில் முகப்பூச்சு, மூன்று கலியாணத் தரகு இணையத்தளம். ஈமெயிலைத் திறந்தால் அதற்குள் அறுநூறு. எல்லாம் பத்மாவதிக்கு.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஆரோ ஒரு பத்மாவதி அவசரத்தில் நம்பரைப் பிழையாக அடித்துவிட்டாள் என்று நினைத்தாள். பாமசிக்குப் போய்ச்சேர்வதற்குள் இன்னும் எண்பது. மத்தியானம் அழைப்புகள் தொடங்கின. எல்லாம் தெரியாத நம்பர், பாதி வெளிநாட்டு நம்பர். எடுத்தால் ஒரு இயந்திரக் குரல் இலக்கம் வாசிக்கும், இல்லாவிட்டால் ஒரு பெண் இங்கிலிசில் காப்புறுதி விளக்குவாள். பின்னேரம் போன் சுட்டது. சிரிப்பு நின்றுவிட்டது.

போன்கடைக்காரன் சொன்னது ஒன்றே ஒன்றுதான். நம்பரை மாத்துங்கோ, அஞ்சு நிமிஷ வேலை.

“மாத்தேலாது,” என்றாள் சிவகௌரி.

3

ஏன் மாத்தேலாது? இதைத்தான் வாசகர் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அவளுக்கு ஒரு தம்பி, கோபிசங்கர். ஐரோப்பாவுக்கு என்று ஒரு ஏஜென்சிக்காரனை நம்பிப் போய், பெலாரஸ் எல்லைக் காட்டுப்பக்கம் எங்கேயோ நிற்கிறான். சொந்தப் போனைப் பறித்துவிட்டார்கள். கிடைக்கிறவனுடைய போனை இரந்து வாங்கித்தான் அழைப்பு எடுப்பான், ஒவ்வொரு தரமும் வேறு நம்பர். கடைசியாக எடுத்தபோது சொன்னது இதுதான்: “அக்கா, தெரியாத நம்பர் எண்டு விட்டிடாதை. உன்ரை நம்பர் மட்டுந்தான் எனக்குப் பாடம்.” அதற்கு இரண்டு நாள் கழித்துத் தகப்பன் போய்விட்டார். அது கோபிக்குத் தெரியாது. சிவகௌரி அதைச் சொல்லத்தான் ஒரு மாதமாகப் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரிந்தாள்.

(கல்வெட்டு எழுதும்போது எனக்கும் அவளுக்கும் நடந்த ஒரு பேச்சு. எங்களுடைய ஆட்களுக்கு அடைப்புக்குறி என்றால் வெளிநாடு: இன்னார் (கனடா), இன்னார் (லண்டன்). கோபிக்கு என்ன போட என்று கேட்டேன். “வெறுமையா விடுங்கோ அன்ரி, போய்ச்சேர்ந்தாப்பிறகு எழுதலாம்,” என்றாள். அப்படியே அச்சடித்தேன். கோபிசங்கர் (          ).)

ஆகவே தெரியாத நம்பர் ஒவ்வொன்றையும் அவள் எடுத்தாள். நாய்ச்சாப்பாட்டுக்காரனையும் எடுத்தாள். எடுக்காமல் விட்ட ஒன்று கோபியாக இருந்தால்?

இரண்டாம் நாள், புதன்கிழமை, தாயைக் கேட்டாள். பத்மாவதி எண்டு ஆரம்மா? ஞானாம்பிகை அரிசி களைந்துகொண்டிருந்தவள், தெரியாது என்று சொல்லிவிட்டு, களைந்த அரிசியை மறுபடியும் நாலு தரம் களைந்தாள். பிறகு சிவகௌரி மதிலடிக்கு வந்து பக்கத்துவீட்டு அன்ரியைக் கேட்டாள்.

“உங்களுக்குத் தெரியாத ஆக்கள் இந்த ஊரில இல்லை. பத்மாவதி எண்டு ஆர்?”

அன்ரிக்கும் தெரியவில்லை.

4

இப்போது ஒரு சந்தேக நபர் வேண்டும். கதையென்றால் வேண்டும், ஒழுங்கையென்றால் இன்னும் வேண்டும்.

உடுப்பிட்டியில் தனோஜன் என்று ஒருவர். இரண்டு வருடத்துக்கு முன் சிவகௌரியைப் பெண்பார்க்க வந்து, கலியாணத்துக்குப் பிறகு பாமசி வேலையை விடவேண்டும் என்று கேட்டு, அவள் மாட்டேன் என்று சொல்லி முறிந்த சம்பந்தம். ‘அவமானப்பட்ட அந்த ஆண்மகன் இருண்ட அறையில் கணினிக்கு முன்னால் —’ என்று அரைப்பக்கம் எழுதினேன். எழுதியதோடு நின்றிருக்கலாம். இரண்டு பேரிடம் மட்டும் சொன்னேன், அதுவும் ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று சொல்லித்தான் சொன்னேன்.

வியாழக்கிழமை பின்னேரம் தனோஜன் மோட்டச்சைக்கிளில் படலையடிக்கு வந்து இறங்கினார். பின்னால் மனைவி, மனைவியின் மடியில் குழந்தை.

“இவ என்ரை மனிசி. இது நாலு மாசம்,” என்றார் சிவகௌரியிடம், குழந்தையைக் காட்டி. “எனக்கு நித்திரைகொள்ளவே நேரமில்லை. உங்களுக்கு மெசேஜ் அனுப்ப எங்கை நேரம்?”

குழந்தை சிவகௌரியைப் பார்த்துச் சிரித்தது. சிவகௌரிக்கு நிலம் பிளந்தால் நல்லது என்றிருந்தது. உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள். அந்தப் பத்து நிமிடத்தில் பத்மாவதிக்குப் பதினாறு மெசேஜ் வந்தது.

அரைப்பக்கத்தைக் கிழித்துவிட்டேன். சொன்ன இரண்டு பேரிடமிருந்து அதைத் திருப்பி எடுக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பொலிஸுக்குப் போனாள். முறைப்பாட்டை எழுதினவர் நல்ல மனிதர்தான், போனை வாங்கி வடிவாகப் பார்த்தார். பார்த்துப் பார்த்து எழுதினதில் முறைப்பாட்டாளர் பெயர் ‘பத்மாவதி’ என்று விழுந்துவிட்டது. சிவகௌரி திருத்தச் சொன்னாள். அவர் வெட்டி எழுதிவிட்டு, அப்ப இந்தப் பத்மாவதி இருக்கிறவவோ செத்தவவோ என்று கேட்டார்.

சனிக்கிழமை. இதை நான் அலங்காரம் செய்யாமல் எழுதப்போகிறேன்.

பாமசியில் சனம். முன்னால் ஒரு வயோதிபர் பிரஷர் குளிசைக்கு டொக்டர் எழுதின துண்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார். போன் அடித்தது, வெளிநாட்டு நம்பர். அந்தக் காலையில் மட்டும் அவள் எடுத்த இருபத்துமூன்றாவது அழைப்பு. எடுத்தாள். ஒரு சத்தமும் இல்லை, காற்று இரைகிற மாதிரி ஒரு இரைச்சல் மட்டும். ஐந்து நாளாக அவள் நித்திரைகொண்டது ஒழுங்காகப் பத்து மணித்தியாலம் இருக்காது. அவளுடைய வாயிலிருந்து அது வந்தது:

“வேறை வேலையில்லையோ உங்களுக்கு? செத்துத் துலையுங்கோ.”

வெட்டிவிட்டாள். குளிசையை எண்ணிப் போட்டுக் கொடுத்தாள். வயோதிபர் போனபிறகுதான் நம்பரைத் திரும்பப் பார்த்தாள். முன்னால் 375. கோபி கடைசியாக எடுத்த நம்பரும் 375-இல்தான் தொடங்கியது.

அழைப்பு நீளம் பதினொரு செக்கன்.

திருப்பி எடுத்தாள். போகவில்லை. ஐம்பது தரம் எடுத்தாள். ஒவ்வொரு தரமும் காதுக்குள் அந்த நாட்டுப் பாஷையில் ஒரு பெண் ஏதோ சொன்னாள். இடையில் திரையில் மெசேஜ் இறங்கிக்கொண்டேயிருந்தது: பத்மாவதி, பத்மாவதி, பத்மாவதி.

5

மேலே மூன்றாம் பிரிவில் ஒரு பொய் இருக்கிறது. ‘அன்ரிக்கும் தெரியவில்லை.’

தெரியும். கேட்ட அந்தக் கணமே எனக்கு ஆள் விளங்கிவிட்டது.

பத்மாவதி சீவரத்தினத்தின் கூடப்பிறந்த தங்கை. நாற்பது வருடத்துக்கு முன் குருநகரில் கடற்றொழில் செய்கிற கத்தோலிக்கக் குடும்பத்துப் பெடியன் ஒருவனைக் கட்டிக்கொண்டு போய், ஞானஸ்நானம் பெற்று, கத்தரீனா ஆனவள். அன்றோடு வீட்டில் அந்தப் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகளுக்கு அப்படியொரு மாமி இருப்பதாகவே தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு நத்தாருக்கும், கிறிஸ்மஸுக்கு, குருநகரிலிருந்து சீவரத்தினத்துக்கு ஒரு வாழ்த்துக் காட் வரும். வீட்டுக்கு அனுப்பவேண்டாம் என்று சொல்லிவைத்திருந்தார். கந்தோருக்கு வந்து, கவுண்டரில் நின்று வாசித்து, திருப்பி என்னிடமே தந்துவிட்டுப் போவார். என்ன எழுதியிருக்கும் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியும்தான்.

கல்வெட்டுக்கு வம்சாவளி எழுதும்போது அவளுடைய பெயரை எழுதினேன். முதல் பிரதியில் நாலாம் பக்கம், மூன்றாம் வரிக்குக் கீழே: ‘பத்மாவதி (குருநகர்).’ பிறகு வெட்டினேன். ஞானாம்பிகை வெட்டச் சொல்லவில்லை, சிவகௌரிக்குக் காட்டவே இல்லை. சாவீட்டில் ஏன் வீண் கரைச்சல் என்று நானே நினைத்து, நானே வெட்டினேன். எங்கே நிற்கிறான் என்றே தெரியாத கோபிக்கு வெறும் அடைப்புக்குறி போட்டேன். பத்துக் கிலோமீற்றர்கூட இல்லாத இடத்தில் இருக்கிறவளுக்கு அதுகூட இல்லை.

வீட்டுக்கிருத்தியத்தன்று கடைசிப் பந்தியில் ஒரு பெடியன் தனியாக இருந்து சாப்பிட்டதைக் கண்டேன். ஆர் பெற்ற பிள்ளை என்று மூன்று பேரிடம் விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. கல்வெட்டை வாங்கி நாலாம் பக்கத்தைத் திறந்து, விரலை வரிவரியாக வைத்துக்கொண்டு போனான். இரண்டு தரம் போனான். பிறகு கடைசிப் பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டு எழும்பிவிட்டான்.

எல்லாம் புதன்கிழமையே எனக்குப் பொருந்திவிட்டது. சொன்னால் பெயரை வெட்டியது நான் என்று வெளியே வரும். அதற்காகத் தெரியாது என்றேன். முப்பத்தொரு வருடம் ஊருக்கே புதினம் சொன்ன வாய், சொல்லவேண்டிய ஒரேயொரு நாளில் மூடிக்கிடந்தது.

சனிக்கிழமை பின்னேரம் பாமசியிலிருந்து வந்து, சிவகௌரி கிணற்றடியில் சப்பாத்துக்கூடக் கழற்றாமல் குந்தியிருந்தாள். தாயிடம் அவள் அந்தப் பதினொரு செக்கனைச் சொன்னது மதிலுக்கு மேலால் கேட்டது. நான் படலையைச் சுற்றிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எழுத எனக்கு வசதி.

“புதன்கிழமை கேட்டனான் அன்ரி,” என்றாள். அவ்வளவுதான்.

6

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரமாகப் பார்த்து சிவகௌரியின் ஸ்கூட்டியில் குருநகருக்குப் போனோம். நான் பின்னால்.

கத்தரீனா, அல்லது பத்மாவதி, முற்றத்தில் சூடைமீன் துப்பரவாக்கிக்கொண்டிருந்தாள். சிவகௌரி படலையில் நின்றுவிட்டாள். மூக்கு, நெற்றி, நிமிர்ந்து பார்க்கும்போது ஒரு கண்ணைச் சுருக்குகிற விதம் எல்லாம் அப்பா. முப்பத்துமூன்று வருடமாக அவளுக்கு ஒருவரும் சொல்லாத முகம் அது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ, கையில் போன் அடித்துக்கொண்டேயிருந்தது.

ஆரம்மா, என்ன வேணும் என்று கத்தரீனா கேட்டாள். சிவகௌரி போனை நீட்டினாள். கத்தரீனா கையைச் சீலையில் துடைத்துவிட்டு வாங்கி, தூரப் பிடித்து, எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

“வணக்கம்… பத்மாவதி.”

திரும்ப வாசித்தாள். கீழே தள்ளித் தள்ளி வாசித்தாள். அவளுடைய முகம் போன போக்கை எழுத எனக்கு வராது.

“உது ஆர் எழுதினது?” என்றாள் மெல்லமாக. “இந்தப் பேரை இப்ப ஒருத்தரும் சொல்லுறேல்லை.”

உள்ளேயிருந்து அந்தக் கடைசிப் பந்திப் பெடியன் வந்தான். ஜெறோம், ஒரே மகன், பட்டணத்தில் போன் திருத்துகிற கடையில் வேலை. சிவகௌரியைக் கண்டதும் மறுக்கவில்லை.

“நான்தான். சகோதரம் செத்ததுக்கு அம்மா இஞ்ச தனிய இருந்து அழுதவ, போகப் பயந்து. அவவுக்காக நான் வந்தனான். புத்தகத்தில பேர் இல்லை. புத்தகத்தில போடமாட்டினமெண்டா போனில வரட்டும் எண்டுதான்…”

“என்ரை தம்பி காட்டுக்குள்ளயிருந்து எடுத்தவன்,” என்றாள் சிவகௌரி. “உன்னாலை நான் அவனைச் செத்துத் துலை எண்டு சொல்லிப்போட்டன்.”

ஜெறோம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். அவன் ஒரு பேயனைப்போல அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். தன்னுடைய வயதில் ஒருத்தன் எங்கேயோ குளிரில் நிற்கிறான் என்பது அவனுடைய கணக்கில் இருக்கவில்லை.

கத்தரீனா மகனை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன் (ஒரு பிரதியில் அடிக்கவும் வைத்தேன்). அவள் அடிக்கவில்லை. புத்தகத்தை எழுதினது ஆர் என்று கேட்டாள்.

நான் என்றேன். என்னைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

“நீங்கள் தபால்கந்தோரில இருந்தனீங்கள் என்ன? அப்ப என்ரை நத்தார் காட்டுகள் உங்கடை கையாலை போயிருக்கும்.”

“ஓம்.”

“அண்ணை வாசிச்சவரோ?”

ஊரில் நான் சொல்லாத விஷயம் என்று ஒன்று இருந்ததென்றால் அது இதுதான். “ஒவ்வொரு வருஷமும். கவுண்டரில நிண்டு, ரெண்டு தரம்.”

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மீன் வாடை அவளுக்குத் தெரிந்திருக்காது.

அதன்பிறகு ஜெறோம் மூன்று மணித்தியாலம் குந்தியிருந்து பதிவுகளை ஒவ்வொன்றாக அழித்தான். அந்தப் பெயரையும் நம்பரையும் தளம் தளமாகப் பதியத் தான் செய்த புரோகிராமை நிப்பாட்டிவிட்டானாம். ஆனால் முழுக்க நிற்காதாம். ஒருக்கால் பெயரும் நம்பரும் பட்டியலில் ஏறிவிட்டால், ஒருத்தர் மற்றவருக்குக் கொடுத்து, அவர் இன்னொருவருக்குக் கொடுத்து, அது தன்பாட்டில் போய்க்கொண்டேயிருக்குமாம். “துவங்கினது நான், அக்கா. நிப்பாட்டுற வழி எனக்கும் தெரியாது,” என்றான், அவளை நிமிர்ந்து பார்க்காமல்.

எனக்கு அந்த இயந்திரம் எப்படி வேலைசெய்கிறதென்று ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் அது நான்தான்.

7

முடிவுகள்.

முடிவு அ: நத்தாருக்கு மாமி கோப்பாய்க்கு வருகிறாள், ஞானாம்பிகை வாசலுக்கு ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறாள். வாரப் பத்திரிகை இதைத்தான் விரும்பும். ஆனால் எனக்கு ஞானாம்பிகையைத் தெரியும். அவள் ஓடமாட்டாள். அவள் செய்தது வேறு. நான் அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்த முந்நூறு திருத்தத் துண்டில் ஒன்றை எடுத்து, வீட்டுப் பிரதியில் நாலாம் பக்கத்தில் ஒட்டினாள். ‘பத்மாவதி (கத்தரீனா, குருநகர்).’ கோணலாக ஒட்டிவிட்டு, உரித்து, நேராக ஒட்டினாள்.

முடிவு ஆ: ஜெறோமைப் பொலிஸ் பிடிக்கிறது. சிவகௌரி முறைப்பாட்டை இன்னும் திருப்பி எடுக்கவில்லை. எடுப்பாளா என்று நான் கேட்கவுமில்லை. அவன் செய்தது சின்ன விஷயம் என்று இந்தக் கதை சொல்வதாக ஒருவரும் எடுத்துக்கொள்ளவேண்டாம்.

முடிவு இ: கோபி —

இதை மூன்று தரம் எழுதி மூன்று தரமும் பாதியில் விட்டேன். ஏனென்றால் எனக்குத் தெரியாது. இந்தமுறை உண்மையாகவே தெரியாது. சிவகௌரி என்னோடு கதைப்பதில்லை. அவளுடைய நம்பர் எனக்குப் பாடம், எடுத்துக் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் அவன் எடுத்தால்? பதினேழு நாளாக என் போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

நாளுக்கு நானூறு வந்த மெசேஜ் இப்போது நாற்பதுவரை குறைந்திருக்கிறது. தெரியாத நம்பரை அவள் இப்போதும் எடுக்கிறாள், ஆனால் எடுக்கிற விதம் மாறிவிட்டது. மதிலுக்கு இந்தப் பக்கம் கேட்கும். “ஓம், சிவகௌரி கதைக்கிறன்,” என்பாள். பிறகு பேசாமல் இருப்பாள். உள்ளுக்குள் பத்துவரை எண்ணுகிறாள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நானும் எண்ணுவேன். காற்று இரைந்தாலும் சரி, ஒன்றுமே கேட்காவிட்டாலும் சரி, பத்து. அதன்பிறகுதான் வெட்டுவாள். ஒருவரையும் திட்டுவதில்லை.

இன்று காலை பத்து மணிபோல உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். அங்கே போன் அடித்தது.

“ஓம், சிவகௌரி கதைக்கிறன்.”

நான் எண்ணத் தொடங்கினேன். எட்டு. ஒன்பது. பத்து. அவள் வெட்டவில்லை. பதினொன்று. பன்னிரண்டு. கிணற்றுக் கப்பியின் சத்தம் நின்றது, ஞானாம்பிகை கயிற்றை விட்டிருக்கவேண்டும். வாளி தண்ணீரில் விழுந்தது. பத்தொன்பது. இருபது.

எனக்கு வயது அறுபத்தேழு. என் ஆயுளில் முதல்தடவையாக, ஈர உடுப்பை அப்படியே போட்டுவிட்டு, மதிலடியிலிருந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இருபத்தொன்றிலிருந்து நீங்கள் எண்ணுங்கள்.